காசு கொடுத்து வாங்கிய படம் நம்முடையதுதானா?

14 ஜூன் 2025, மாலை. கேள்வி: கரூர்க்காரன்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். போன வாரம் டிவியில் இருக்கும் ஒரு ஆப்பில் 490 ரூபாய்க்குப் படம் வாங்கினேன். வாடகை என்றால் 120 தான். பொண்ணுக்குப் பிடித்த படம், எப்படியும் நாற்பது தடவை போடச் சொல்லுவாள் என்று 'வாங்கு' பொத்தானை அழுத்திவிட்டேன். வீட்டுக்காரி கேட்கிறாள்: "கடைக்காரன் நாளைக்குக் கடையை மூடிட்டா படம் எங்க போகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. படம் என்னுடையதுதானே?

14 ஜூன், இரவு. பழையபெட்டி

உன் வீட்டுக்காரி கேட்டதுதான் சரியான கேள்வி, தம்பி. படம் உன்னுடையது இல்லை. நீ வாங்கியது பார்க்கும் அனுமதி. 120 கொடுத்திருந்தால் முப்பது நாளுக்குள் ஆரம்பித்து, ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லியிருப்பார்கள். 490 கொடுத்ததால் கெடு சொல்லவில்லை. கெடுவே இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கையெழுத்தானது, இந்த வருஷம் ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இது வெறும் உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக் கூடாது என்பது சாரம். உரிமத்தை விற்கலாம், வார்த்தைதான் தப்பாம்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2023 டிசம்பரில், வீடியோ கேம் விற்கும் பிளேஸ்டேஷன்காரர்கள் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கணக்கிலிருந்தே அழித்தார்கள். ஞாபகம் இருக்கிறதா?

15 ஜூன்

நேற்று அவசரத்தில் சொல்லாமல் விட்டது. நானே சூடு பட்ட பூனைதான்.

2013 முதல் 2021 வரை சிங்கப்பூரில் வேலை. அங்கே இருக்கும்போது ஒரு டிஜிட்டல் கடையில் (பெயர் வேண்டாம்) பதினொரு படம் வாங்கினேன். சம்பளம் வந்த வாரம் ஒன்று, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒன்று என்று சேர்த்தது. திருச்சிக்குத் திரும்பியதும் கணக்கில் நாட்டை இந்தியா என்று மாற்ற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நம்ம ஊர் வங்கி அட்டையை ஏற்கவில்லை. மாற்றிய அன்று இரவே பதினொரு படம் ஏழாகிவிட்டது.

மற்ற நாலும் அழிந்துவிட்டன என்று ஒரு சொல் கிடையாது. மங்கலாகவோ, பூட்டுப் படத்தோடோ இருந்தாலாவது மனசு ஆறும். வரிசையில் அவை இருந்த இடத்தையே காணோம், பக்கத்துப் படம் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. வாடிக்கையாளர் சேவையில் இருபது நிமிஷம் தட்டச்சு செய்து சண்டை போட்டேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: 'இந்த டைட்டில் உங்கள் தற்போதைய நாட்டில் கிடைப்பதில்லை.' அவர்களுக்குப் படம் என்றால் டைட்டில். சரிதான், டைட்டில் எனக்கு மனப்பாடம். படத்தைத்தான் காணோம்.

அந்த நாலில் ஒன்று அம்மா கேட்ட கறுப்பு வெள்ளைப் படம். "காசு குடுத்து வாங்கிட்டேன்னியே?" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள். திட்டியிருக்கலாம்.

15 ஜூன், இருபது நிமிஷம் கழித்து

திருத்தம். பதினொன்று இல்லை, பன்னிரண்டு. ரசீது மின்னஞ்சல்களைத் தேடி எண்ணினேன். ஆக, காணாமல் போனது நாலு இல்லை, ஐந்து. எந்தப் படம் என்றே தெரியாமல் ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். ரசீதுகள் மட்டும் பன்னிரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

17 ஜூன்

நாட்டைத் திரும்பச் சிங்கப்பூருக்கு மாற்றினால் ஐந்தும் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன். அந்த ஊர் முகவரியும் அந்த ஊர் அட்டையும் கேட்கிறது. இரண்டையும் சாங்கியிலேயே உதறிவிட்டு விமானம் ஏறியவன் நான்.

18 ஜூன்

"டிஸ்க் வாங்கியிருக்கலாம்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என் பெயரே அதில் இருந்து வந்தது.

அப்பா ரயில்வேயில் கிளார்க். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சினிமாவைச் சொந்தமாக வாங்கினார். அதுவரை ஒரிஜினல் சிடி என்பது பணக்காரர் சமாச்சாரம். எங்களைப் போன்றவர்களுக்குத் திருட்டு விசிடிதான் கதி. வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் 2004-லேயே சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் தெருமுனையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 28 ரூபாய் என்றதும் திருட்டுக்கும் ஒரிஜினலுக்கும் விலை வித்தியாசமே போய்விட்டது. பேப்பர் கடை, மளிகைக் கடை, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை என்று எங்கேயும் தொங்கியது. அப்பா மாசம் நாலு வாங்குவார். அந்தக் கம்பெனி 2018-ல் கடனில் மூழ்கி, சொத்தை விற்றுக் கணக்கு முடிக்கும் நிலைக்கு வந்தது. அதைப் பார்க்க அப்பா இல்லை, 2016-லேயே போய்விட்டார்.

ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு உறையிலும் ஸ்கெட்ச் பேனாவில் எண். விசிடி ஒன்றில் 74, மிஞ்சினால் 80 நிமிஷம்தான் பிடிக்கும் என்பதால் ஒரு படத்துக்கு இரண்டு, நீளமான படத்துக்கு மூன்று. அதனால் 9-1, 9-2 என்று பிரித்து எழுதியிருப்பார். அப்புறம் ஒரு 80 பக்க நோட்டு. எண், யார், தேதி, வந்ததா என்று நாலு பத்தி. வந்துவிட்டால் சிவப்பில் டிக்.

'27-1, 27-2: மாடி வீட்டு டீச்சர், தீபாவளி முடிந்து தருவார்.' டிக்.
'14: கூட்ஸ் ஷெட் நண்பர், மகளுக்கு உடம்பு சரியில்லை.' டிக்.
'9: டெய்லர். 9-1 வந்தது. 9-2 வரவில்லை.'

அந்த 9-2 கடைசி வரை வரவில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டில் இடைவேளையோடு முடிந்துவிடும். கல்யாணம் நின்றதா நடந்ததா என்று எனக்குப் பல வருஷம் தெரியாது.

நோட்டைப் புரட்டும்போது ஒன்று உறைத்தது. அப்பா பெட்டியில் இருந்த படங்களை அவர் பார்த்ததை விடத் தெரு பார்த்ததுதான் அதிகம். சொந்தம் என்று அவர் சொன்னதெல்லாம் அதைத்தான்: இரவல் கொடுக்கலாம், கேட்டு வருவார்கள், தராவிட்டால் கோபப்படலாம். கரூர்த் தம்பி, உன் 490 ரூபாய்ப் படத்தை மாடி வீட்டு டீச்சருக்குக் கொடுக்க முடியுமா? உன் பாஸ்வேர்டைத்தான் கொடுக்கலாம், அதற்கும் விதிமுறையில் தடை.

19 ஜூன்

"விசிடியில் என்னத்தைத் தெரியும், மூக்கும் வாயும் ஒன்றாக இருக்கும்" என்று கிண்டல் பண்ணிய நண்பருக்கு: உண்மைதான். 352-க்கு 288 புள்ளிகள். இன்றைய போனில் ஒரு தபால்தலை அளவுக்கு வரும்.

ஆனால் அதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). நம் ஊர் விசிடி 'பால்' (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25. நிறையப் படங்களை அப்படியே வேகமாக ஓட்டி ஏற்றிவிட்டார்கள். 150 நிமிஷப் படம் 144-ல் முடிந்துவிடும். பாட்டும் சேர்ந்து ஓடுவதால் ஸ்ருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். அப்பா பெட்டியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு பாட்டைப் பின்னாளில் தியேட்டரில் கேட்டபோது, பாடகருக்கு ஜலதோஷமோ என்று நினைத்தேன்.

19 ஜூன், இரவு

'கிட்டத்தட்ட அரைக்கட்டை' என்று எழுதியதற்கு ஒரு வயலின் வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டார். கணக்குப் போட்டால் அரைக்கட்டையில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் கம்மி. ஒப்புக்கொள்கிறேன் ஐயா.

23 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். முதலில் போடுவதற்கே வழி இல்லை. இப்போது இருக்கும் மடிக்கணினியில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. வெளியில் சொருகும் டிரைவ் ஒன்றைப் பக்கத்துத் தெருப் பையனிடம் இரவல் வாங்கினேன். (அவன் நோட்டில் எழுதினானா தெரியவில்லை.)

மொத்தம் 64 டிஸ்க். 55 ஓடின, 9 ஓடவில்லை. ஓடாத ஒன்பதில் ஏழு, சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில் வாங்கி வந்தவை, ஒரு டிவிடியில் ஆறு படம் ரகம். ஆமாம், அப்பா அதையும் வாங்கினார், உத்தமர் என்று நான் சொல்லவே இல்லை. கம்பெனியில் அச்சில் அழுத்தித் தயாரித்த டிஸ்க்குக்கு ஆயுள் கெட்டி. வீட்டு டிரைவில் லேசரால் எழுதியது ஒரு சாயத்தை நம்பி இருக்கிறது, சாயம் வெளுத்தால் படமும் வெளுத்தது. அந்த ஏழையும் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரமெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது.

விசிடிக்குப் பூட்டு எதுவும் இல்லை என்பது ஒரு நிம்மதி. உள்ளே எம்பெக்ஏவி (MPEGAV) என்று ஒரு ஃபோல்டர், அதில் .DAT என்று முடியும் ஒரே பெரிய கோப்பு. அப்படியே இழுத்துப் போட்டேன். 31-2 மட்டும் பாதியில் நின்று நின்று, டிரைவ் கிரீச்சென்று கத்தி, நாற்பது நிமிஷம் எடுத்தது. அடுப்படியிலிருந்து அம்மா "என்னடா அரைக்கிற?" என்றாள்.

ஆக, 18-ஆம் தேதி நான் டிஸ்க்கைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். டிஸ்க்கும் சாகும். செத்தால் நம் வீட்டில், நம் கண் முன்னால் சாகும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

24 ஜூன்

பற்பசை தேய்த்தால் கீறல் போகுமா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். லேசான கீறலுக்கு வெள்ளைப் பேஸ்ட், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் தேய்க்கணும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஜெல் பேஸ்ட் வேண்டாம். என்னுடைய இரண்டு டிஸ்க் பிழைக்கவில்லை, வாசனையாக இருக்கின்றன.

2 ஜூலை

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் கதையை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். தான் வாங்கிய ஐடியூன்ஸ் பாட்டுகளைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியவில்லை என்று ஆப்பிள் மேல் வழக்குப் போடப் போகிறார் என்று. 2012-ல் பத்திரிகையில் வந்ததுதான், ஆனால் உண்மை இல்லை, அவர் மனைவியே மறுத்துவிட்டார். வழக்கு எதுவும் நடக்கவில்லை.

கதைதான் பொய், அதில் இருக்கும் கேள்வி பொய் இல்லை. ஆப்பிளில் 2021 கடைசியிலிருந்து ஒரு வசதி இருக்கிறது: நமக்குப் பின் நம் கணக்கைப் பார்க்க ஒருவரை நியமித்து வைக்கலாம். போட்டோ, குறிப்புகள், மின்னஞ்சல் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். வாங்கிய படமும் பாட்டும் புத்தகமும் கிடைக்காது. அவை நம்மோடு சரி.

அப்பா எனக்குப் பெட்டியைத் தனியாக எழுதி வைக்கவில்லை. பரணில் இருந்தது, நான் இறக்கினேன்.

6 ஜூலை

திசை மாறிப் போகிறேன், மன்னிக்கவும். விசிடிக்கு முந்தி நம் ஆட்கள் படத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாத்தாவிடம் இருந்தது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்கள். உள்ளே பாட்டு வரிகளும் கதைச் சுருக்கமும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கதை நடுவிலேயே நின்றுவிடும். (எங்கள் 9-1 மாதிரி.) அப்புறம் கதைவசன ரெக்கார்டு, பிறகு அதே கேசட்டில். திருவிளையாடல் தருமி காட்சியைப் படம் பார்க்காமலே ஒப்பிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள், கோயில் திருவிழா ஒலிபெருக்கியின் புண்ணியம். சினிமாவைக் காதால் வைத்துக்கொண்ட கூட்டம் நாம்.

அப்புறம் டெக்கு (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) எடுக்கிற காலம். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகை. மூன்றாவது படம் ஓடும்போது முழித்திருப்பது டெக்கு கொண்டுவந்த பையன் மட்டும்தான், அவனும் பொருளுக்குக் காவலாக.

இதில் எதிலும் படம் யாருக்கும் சொந்தம் இல்லை. அப்பாவுடைய அந்த 28 ரூபாய்க் காலம்தான் நடுவில் வந்த ஒரு பத்து வருஷ அதிசயம் போலிருக்கிறது. 2015-ல் இயக்குநர் சேரன் சி2எச் (சினிமா டு ஹோம்) என்று ஆரம்பித்து, தன் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். யோசனை நல்லது, காலம்தான் தப்பு. அடுத்த வருஷம் ஜியோ வந்தது. 50 ரூபாய் டிவிடியை யார் தேடுவார்கள்?

19 ஜூலை

நேற்று வந்த செய்தி: மைக்ரோசாஃப்ட் இனிமேல் படம் விற்காதாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். இதே கம்பெனி 2019-ல் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் ஜூலையில் மறைந்தன, காசு திரும்பியது. காசு திரும்பினால் போதாதா என்று கேட்டால், ஓரத்தில் குறிப்பு எழுதிப் படித்தவரைக் கேளுங்கள்.

அப்படியே என் முதல் பதிவில் ஒரு பிழை. பிளேஸ்டேஷன் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை அழித்ததாக எழுதினேன். அழிக்கப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள், கூச்சல் கிளம்பியதும் அந்த மாதமே பின்வாங்கினார்கள். என் நினைவில் அதோடு கலந்துவிட்டது முந்தின வருஷத்துக் கதை: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்டுடியோகெனால் என்ற கம்பெனியின் படங்களை இதே பிளேஸ்டேஷனில் வாங்கியவர்களுக்கு 2022 ஆகஸ்ட் 31-ஓடு சரி என்று அறிவித்தது. ஒரு மாசமாகத் தப்பை வைத்துக்கொண்டு யாரும் கேட்கவில்லையே, படிக்கிறீர்களா இல்லையா?

19 ஜூலை, மதியம்

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். கூகுள் பிளே மூவிஸ் ஆப்பை 2024 ஜனவரியில் மூடினார்கள், வாங்கியவர்களுக்கு யூடியூபில் கிடைக்கிறது. அல்ட்ராவயலெட் என்று ஹாலிவுட் கம்பெனிகள் 2011-ல் ஒன்று ஆரம்பித்தன. டிஸ்க் உறைக்குள் ஒரு சீட்டு, அதில் குறியீடு, அதைப் பதிந்தால் டிஜிட்டல் பிரதியும் உங்கள் பெயரில். 2019 ஜூலை 31-ல் இழுத்து மூடினார்கள். அப்போதும் வேறு கடைகளோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். கடை மூடினால் எல்லாம் போய்விடும் என்று இல்லை. போகாது என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

3 ஆகஸ்ட்

கரூர்த் தம்பி திரும்ப வந்து "கடைசியில் நான் என்னதான் பண்ண?" என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு எழுதியும் அதைச் சொல்லவில்லை, உண்மைதான்.

நான் செய்வது: ஒரு தடவை பார்க்கும் படத்துக்கு வாடகை. பொண்ணு நாற்பது தடவை பார்க்கிற படத்துக்கு 490 கொடுத்தது நஷ்டம் இல்லை, தடவைக்குப் பன்னிரண்டேகால் ரூபாய், அதற்குள் அவளுக்கு வேறு படம் பிடித்துவிடும். ரசீதை வைத்துக்கொள். ஊர் மாறினால் கணக்கில் நாட்டை மாற்றுவதற்கு முன் பட்டியலை எண்ணி எழுதி வை, நான் எண்ணாமல் கெட்டேன். உயிரான படம் என்றால் டிஸ்க் கிடைக்கிறதா பார், இப்போது பழைய புத்தகக் கடைகளில்தான் கிடைக்கின்றன. வன்தட்டில் பிரதி எடுத்தால் ஒன்றில் நிறுத்தாதே, இரண்டில் வை.

அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்துவிட்டது. யூடியூபில், உரிமை வாங்கிய ஒரு கம்பெனியே முழுசாகப் போட்டிருக்கிறது, இலவசம். மேல் மூலையில் அவர்கள் சின்னம், பாட்டு நடுவில் நாப்கின் விளம்பரம். நான் சிங்கப்பூர் டாலர் கொடுத்து வாங்கித் தொலைத்த அதே படம். அம்மாவுக்கு விளம்பரத்தைத் தாண்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

9 ஆகஸ்ட்

கரூர்த் தம்பியின் மாமியார் ஒரு பழைய படத்தைத் தேடுகிறாராம், அது என் பெட்டியில் 31-ஆக இருக்கிறது. முகவரி வந்தது, நேற்று கூரியரில் போட்டுவிட்டேன். நோட்டில் அப்பாவின் கடைசிப் பதிவு 2014 பொங்கல். அதற்குக் கீழே இரண்டு வரி விட்டு எழுதியிருக்கிறேன்: '31-1, 31-2: கரூர், மாமியாருக்கு.'

தம்பி, 31-2-ல் பாதிக்கு மேல் ஒரு சண்டைக் காட்சியில் படம் நின்று கட்டம் கட்டமாக வரும். எடுத்துத் துடைக்காதே. ஒரு நிமிஷம் பொறுத்தால் தானே தாண்டிவிடும். பேஸ்ட் தேய்த்தாய் என்று தெரிந்தால் கரூருக்கே வந்துவிடுவேன்.